விவாகமும் வலிப்பு மாத்திரையும்

கேள்வி: என் மகளுக்கு வயது 23. பள்ளிப் பருவத்தில் வந்த வலிப்பு நோய்க்காகச் சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிட்டு வருகிறாள். மூன்று வருஷமாக வலிப்பு வரவில்லை. தை மாதத்தில் கல்யாணம். சம்பந்தி வீட்டாருக்குத் தெரியுமுன் மாத்திரையை நிறுத்திவிடும்படி உறவினர் சொல்கிறார்கள். நிறுத்தலாமா, ஐயா?

பதில்: கூடாது, அம்மா. மூன்று வருஷமாக உங்கள் மகளைக் காத்து வருவது அந்த மருந்தாகவே இருக்கலாம். அதைத் திடீரென்று நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு முன்னிலும் உக்கிரமாக மீண்டு, ஒன்று ஓய்ந்து நினைவு திரும்புமுன் மற்றொன்று தொடங்கி, பிராணனுக்கே அபாயம் நேரக்கூடும். கல்யாண நாட்களின் தூக்கக்கேடும் வலிப்பைத் தூண்டுவதாகையால், அப்பொழுது ஒரு வேளை மருந்தும் தவறலாகாது. தவறினால் நினைவு வந்தவுடன் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதானால், தவறியதை விட்டுவிட வேண்டுமேயன்றி இரண்டையும் சேர்த்து விழுங்கலாகாது. ஓயாத வாந்தி, வயிற்றுவலி, மஞ்சட்காமாலை, மிகுந்த மயக்கம் ஆகியவற்றுள் எது கண்டாலும் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கேளாத, ஆனால் எனக்கு மிகுந்த கவலை தருகிற விஷயம் ஒன்று உண்டு. கர்ப்பகாலத்தில் வால்ப்ரோயேட் உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்கு முதுகுத்தண்டு மூடாமை முதலிய பிறவிக் குறைகளும், 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, அறிவு ஆகியவற்றின் வளர்ச்சியில் தாமதமும் காணப்படுகின்றன. சிசுவின் முதுகுத்தண்டு கருத்தரித்த நான்கு வாரத்துக்குள், தாய் தான் கர்ப்பமுற்றதை அறியுமுன்னரே, உருவாகிவிடுவதால், கர்ப்பம் தெரிந்த பிறகு யோசிக்கலாம் என்றிருப்பது காலம் கடந்த யோசனையாகும். ஆகவே இப்பொழுதே நரம்பியல் நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். லாமோட்ரிஜின், லெவெடிரசெட்டாம் போன்ற வேறு மருந்து அவளுக்கு ஏற்குமா என்று அவர் ஆராய்ந்து, புதியதைச் சிறுகச் சிறுக ஏற்றிப் பழையதைச் சிறுகச் சிறுகக் குறைப்பார். இதற்குப் பல வாரங்கள், சில சமயம் மாதங்களும் ஆகும். லாமோட்ரிஜின் தொடங்கிய பின் தோலில் தடிப்புக் கண்டால் உடனே தெரிவிக்க வேண்டும். மாற்றம் முடிகிறவரை கருத்தரியாதிருக்கும் முறைகளையும், ஃபோலிக் அமிலத்தின் அளவையும் அவரிடமே கேட்டறியுங்கள். இதற்கிடையில் கர்ப்பம் உண்டாகிவிட்டாலும், தானாக மருந்தை நிறுத்தாமல் உடனே அவரிடம் செல்ல வேண்டும்.

சம்பந்தி வீட்டாரிடம் மறைப்பதை நான் ஒப்பவில்லை. ஹிந்து விவாகச் சட்டத்தில் வலிப்பு நோயை விவாகத்துக்குத் தடையாகச் சொல்லியிருந்த வாசகமே 1999இல் நீக்கப்பட்டுவிட்டது. புடவை மடிப்பில் மாத்திரையை ஒளித்து வைத்து, யாரும் பாராத வேளைக்குக் காத்திருக்கும் பெண்ணுக்குத்தான் வேளை தவறுகிறது. மேலும், வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கலாகாது, கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை, ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பனவற்றைக் கணவன் அறிந்திருப்பது அவசியம். மகள் சம்மதித்தால், நிபுணரிடம் போகும்போது மாப்பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.