திரை விமர்சனம் எழுதப் புகும் தம்பிக்கு

பாலிக் புலாவ்

அன்புள்ள தம்பி,

துரியான் தோட்டங்களுக்கு நடுவே, மலைக்கு இப்புறத்தில் உட்கார்ந்துகொண்டு சினிமாவைப் பற்றி எழுதுகிறவனின் அபிப்பிராயத்தை யார் மதிக்கப் போகிறார்கள் என்று மனம் நொந்து கேட்டிருக்கிறாய். சு. தியடோர் பாஸ்கரனின் ஜீவிதத்தை நீ அறிந்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்திராது.

1940இல் தாராபுரத்தில் பிறந்து, தபால் இலாகாவில் உத்தியோகம் ஏற்று, தமிழகத்தின் தலைமை அஞ்சல் அதிகாரியாக உயர்ந்த அவர், ஸ்டூடியோ வாசல்களில் காத்துக்கிடந்தவர் அல்லர்; காட்டையும் பறவைகளையும் பற்றி எழுதிய அதே கையால் தமிழ்த் திரையின் சரித்திரத்தையும் எழுதினார். அவர் ஆராயத் துணிந்த காலத்தின் படங்களோ பெரும்பாலும் அழிந்துபோனவை. 1918இல் நடராஜ முதலியார் வெளியிட்ட ‘கீசக வதம்’ இல்லை; 1931இல் வந்த ‘காளிதாஸ்’ இல்லை. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களோடு ஒரு தலைமுறையின் கலையே மறைந்துவிட்ட நிலையில், கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்களையும், பழைய பத்திரிகைகளையும், சர்க்கார் ஆவணங்களையும் புரட்டி, அக்காலத்தவர்களைத் தேடிச் சென்று பேசி, 1981இல் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ என்னும் கிரந்தத்தை அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னர் எழுதிய ‘தி ஐ ஆஃப் தி சர்ப்பென்ட்’ சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதைப் பெற்றது. நம் படங்கள் காட்சியை விட்டு வசனத்தையும் பாட்டையுமே நம்பி நிற்கின்றன என்ற அவருடைய குறையை நீ ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை; ஆனால் கதையைச் சுருக்கிச் சொல்லிவிட்டு அதற்கு விமர்சனம் என்று பெயரிடும் உன் வழக்கத்துக்கு அதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரியாது.

இன்னொரு மாதிரிப் பத்திரிகைக்காரரும் இருந்தார். ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ ஆகிய ஏடுகளில் நடிகர்களின் அந்தரங்கத்தை விற்றுப் பிழைத்த லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்துண்டு மாண்டார்; அவ்வழக்கில் தண்டனை பெற்ற நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1947இல் விடுதலையாகும்வரை சிறையில் வாடினர். வம்புக்கு வாசகர் அதிகம் என்பது உண்மைதான். இன்று அது கைபேசிக்கே வந்துவிடுகிறது.

நம் ஊர்ப் படங்களுக்கு வருகிறேன். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015இல் வந்து, அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தது. தோட்டத்தை விட்டுக் கம்பத்துக்கு வந்த குடும்பங்களின் பேச்சு அதில் எவ்வளவு சரியாக விழுந்திருக்கிறது என்று, சென்னையின் எந்த விமர்சகரையும்விட நீயே அதிகாரத்தோடு சொல்ல முடியும்; எங்கே தவறியிருக்கிறது என்பதையும் தாட்சண்யம் பாராமல் சொல். நம்மவர் எடுத்தது என்பதற்காகப் புகழ்ந்தாயானால், அடுத்த முறை உன் புகழ்ச்சியை எடுத்தவரே நம்பமாட்டார்.

பாஸ்கரனைப் போல் நீ தேடிச் சேர்க்க வேண்டியதும் இங்கே உண்டு. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. அதன் பழைய இதழ்களைப் பாதுகாக்கும் நூலகத்துக்குச் சென்று, பினாங்கில் எந்தப் படம் எந்தக் கொட்டகையில் எத்தனை நாள் ஓடியது என்று விளம்பரங்களிலிருந்து குறித்துவா. ஜார்ஜ் டவுனில் அக்காலப் படக்கருவியை இயக்கிய பெரியவர் எவரேனும் இருந்தால், அவருடைய பேச்சை இந்த மழைக்காலம் முடிவதற்குள் பதிவுசெய்துவிடு. புதிய படத்தின் விமர்சனம் அடுத்த வாரம் வந்தாலும் பாதகமில்லை.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் பெரியப்பா