கழுவினால் எது போகும், எது போகாது?

காய்கறிப் பையை இறக்கி வைத்ததும் ஒரு வீட்டில் கல்லுப்பு கரைகிறது, இன்னொரு வீட்டில் மஞ்சள்தூள், வேறொரு வீட்டில் வினிகர். எதைப் போக்க என்று கேட்டால், "எல்லாத்துக்கும்தான்" என்று பதில் வரும். காயோடு வீட்டுக்குள் வருபவை மூன்று: மண், கிருமி, பூச்சிமருந்து. மூன்றும் ஒரே வைத்தியத்துக்கு அடங்குவதில்லை. நம் குழப்பங்களில் பாதி இதனால் வருபவை.

நம்பிக்கை: வெறும் தண்ணீர் போதாது, சோப்போ, கடையில் விற்கும் காய்கறிக் கழுவு திரவமோ வேண்டும்.

உண்மை: அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் 2000-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, குழாய்த் தண்ணீரில் அலசியதிலேயே 12 பூச்சிமருந்துகளில் 9-இன் அளவு குறைந்தது. மருந்து தண்ணீரில் கரையுமா, கரையாதா என்பது பெரிய பொருட்டாக இல்லை. ஓடும் நீரின் விசையே மேலே படிந்திருந்ததை அடித்துச் சென்றது. கையால் தேய்த்தால் மண்ணும் கிருமியும் இன்னும் நன்றாகப் போகும். சோப்பு கூடவே கூடாது. காய்களின் தோலில் உள்ள நுண்துளைகளில் அது தங்கி, நம் வயிற்றுக்குள் போகும்.

குடத்துத் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் சொம்பால் ஊற்றியபடி தேய்க்கலாம். கீரையை அகலமான பாத்திரத்தில் மூழ்க அலசி, கீரையை மேலே அள்ளி எடுத்த பிறகே தண்ணீரைக் கொட்ட வேண்டும். பாத்திரத்தோடு சாய்த்து வடித்தால் அடியில் படிந்த மண் மறுபடியும் கீரைமேல் வந்து உட்காரும். தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள்.

நம்பிக்கை: உப்பும் மஞ்சளும் கலந்த நீர் கிருமியைக் கொன்றுவிடும், ஆப்ப சோடா மருந்தை முழுதாக எடுத்துவிடும்.

உண்மை: காலிஃபிளவரை வெதுவெதுப்பான உப்பு நீரில் போட்டால் இடுக்கில் ஒளிந்திருக்கும் புழு வெளியே வரும். அந்த வேலைக்கு அது சரி. ஆனால் அடுக்களையில் நாம் கரைக்கும் உப்பு, மஞ்சள் அளவுக்கெல்லாம் பாக்டீரியா மடிந்துவிடாது.

சோடாவுக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. 2017-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிள்மீது இரண்டு மருந்துகளைப் பூசி, லிட்டருக்கு 10 கிராம் சோடா கரைத்த நீரில் கழுவிப் பார்த்தார்கள். தோலின் மேல் இருந்தது நீங்கவே 12 முதல் 15 நிமிடம் பிடித்தது. தயபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லியில் சுமார் 20 சதவீதம் அதற்கு முன்பே தோலுக்குள் இறங்கிவிட்டது. அதைச் சோடாவால் எட்ட முடியவில்லை.

நம்பிக்கை: கறுப்புத் திராட்சைமேல் இருக்கும் வெள்ளைப் படலம் பூச்சிமருந்து.

உண்மை: கம்பம் பன்னீர் திராட்சையில் சாம்பல் பூசியதுபோல் தெரிவது பெரும்பாலும் பழம் தானே சுரக்கும் மெழுகு, ஈரம் வெளியேறாமல் பழத்தைக் காக்கிறது. மருந்தின் எச்சமோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே படலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழுவித்தான் தின்ன வேண்டும்.

நம்பிக்கை: தோலை நீக்கித் தின்னும் பழத்தைக் கழுவத் தேவையில்லை.

உண்மை: தோலில் இருக்கும் கிருமியைக் கத்தி சதைக்குள் இழுத்துச் செல்லும். 2011-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பண்ணை ஒன்றின் முலாம்பழங்களிலிருந்து லிஸ்டீரியா என்ற பாக்டீரியா பரவி 33 பேர் இறந்தார்கள். சொரசொரப்பான தோல் கிருமிக்கு வசதியான இடம். முலாம்பழத்தையும் தர்பூசணியையும் அறுப்பதற்கு முன்பே தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

நம்பிக்கை: முட்டைக்கோஸ் புழு மூளைக்குப் போய்விடும்.

உண்மை: கோஸ் இலையைத் தின்னும் பச்சைப்புழு மனித உடலில் வாழாது. மூளையைத் தாக்குவது பன்றி நாடாப்புழு. அதன் முட்டைகள் மனித மலத்தில் வெளியேறுபவை. கழிவுநீர் பாயும் நிலத்தில் விளைந்த கேரட், கொத்தமல்லி, வெள்ளரி எதில் வேண்டுமானாலும் அவை ஒட்டியிருக்கலாம். கோஸை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பச்சைக் கொத்தமல்லியை அலசாமல் தூவினால் பயனில்லை. பச்சையாகத் தின்பதை நன்றாகக் கழுவுங்கள். நன்கு வேகவைத்தால் முட்டைகள் அழிந்துவிடும்.

நம்பிக்கை: இயற்கை விளைபொருளையும் மாடித் தோட்டத்துக் காயையும் பறித்து அப்படியே தின்னலாம்.

உண்மை: இயற்கை உழவில் பயன்படும் பஞ்சகவ்யத்திலும் ஜீவாமிர்தத்திலும் மாட்டுச் சாணம் இருக்கிறது. பஞ்சகவ்யத்தை இலைமேலேயே தெளிக்கிறார்கள். ரசாயனம் இல்லை என்பதால் கிருமியும் இல்லை என்று ஆகிவிடாது.

நம்பிக்கை: வாங்கிய அன்றே எல்லாவற்றையும் கழுவி ஃபிரிட்ஜில் அடுக்கிவிட வேண்டும்.

உண்மை: ஈரத்தோடு வைத்தால் சீக்கிரம் அழுகும், பூஞ்சை பிடிக்கும். சமைக்கும்போது கழுவுங்கள், அதையும் நறுக்குவதற்கு முன் செய்யுங்கள். நறுக்கிய பின் அலசினால் வைட்டமின் சி போன்ற நீரில் கரையும் சத்துகள் தண்ணீரோடு போய்விடும்.

கடைசியாக, எந்தக் கரைசலுக்கும் அகப்படாத ஒன்று உண்டு. இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகளைச் செடி உறிஞ்சித் தன் உடம்புக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிறது. உள்ளே போனதை வெளியிலிருந்து கழுவ வழியில்லை. தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி மருந்துப் புட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அதை உழவர் மதிப்பதும், சந்தைக்கு வரும் காயை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதிப்பதும்தான் அதற்கு மருந்து. வீட்டில் நம்மால் ஆவது மேலே ஒட்டியதைப் போக்குவது. அதற்கு நல்ல தண்ணீரும் தேய்க்கும் கையும் போதும். கூடுதல் காசைக் காய்கறிக் கழுவு திரவத்தில் கரைக்க வேண்டியதில்லை.