டைமிங் பெல்ட்: ஒரு பல் தப்பினால்...?

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



வால்வு டைமிங் டயகிராம் வரைந்து மார்க் வாங்காதவர் நம்மில் யார்? காம்பஸ் வைத்து வட்டம் போட்டு, ஐ.வி.ஓ., ஐ.வி.சி., டி.டி.சி. என்று குறித்துவிட்டால் கேள்வி முடிந்தது. ஆனால் பல டீசல் கார்களில் அந்த வட்டம் முழுவதையும் காப்பாற்றுவது ஒரு ரப்பர் பெல்ட்தான் என்பது, இன்பிளான்ட் டிரெய்னிங் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதலில் கொஞ்சம் வரலாறு. பல் வைத்த பெல்ட்டை 1962-ல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் கொண்டுவந்தது. 1976-ல் வோக்ஸ்வேகன் கோல்ஃப் டீசலில், காம்ஷாஃப்டோடு டீசல் பம்பையும் பெல்ட்டே சுற்றியது. எல்லா டீசலும் இப்படி இல்லை. நம் ஊர் ஸ்விஃப்டில் வந்த 1248 சி.சி. டீசலில் இருப்பது செயின். ஆகவே வண்டி வந்ததும் பெல்ட்டா, செயினா என்று பார்ப்பதே முதல் வேலை.

ஏன் இவ்வளவு பயம்?

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் காம் ஒரு சுற்று. கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் என்றால் காமில் 40 பல். ஒரு பல் தப்பினால் காமில் 9 டிகிரி. கிராங்க் கணக்கில் 18 டிகிரி! டீசல் பம்பில் ஒரு பல் தப்பினாலும் இதே கதைதான். என்ஜின் நாக் அடிக்கும், வெள்ளைப் புகை தள்ளும், ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணும்.

அறுந்தே போனால்? டீசலில் கம்ப்ரஷன் அதிகம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடம்தான். காம் நின்றுவிட்டால் திறந்த வால்வு திறந்தபடியே நிற்கும். கிராங்க் நிற்காது. பிஸ்டன் வந்து வால்வை இடிக்கும். வால்வு வளையும், ஹெட் இறக்கணும்.

நான் பார்த்த வண்டி

டிரெய்னிங்கில் ஒரு டாக்சிக்கார அண்ணன் வந்தார். சொந்த வண்டி, அதுதான் குடும்பத்துக்கே சோறு. "பெல்ட் மட்டும் மாத்துங்க தம்பி, மத்ததை அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார். மேஸ்திரியும் சரி என்றுவிட்டார். கவரைக் கழற்றியதும் வாட்டர் பம்புக்குக் கீழே கூலன்ட் காய்ந்த கறை இருந்தது. நான் பார்த்தேன். டிரெய்னிங் வந்த பையன் நமக்கென்ன என்று சொல்லாமல் விட்டேன்.

இரண்டே மாதம். பம்ப் பேரிங் ஆட்டம் கண்டு, புது பெல்ட் ஓரமாக ஏறிப் பல் உரிந்துவிட்டது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். செல்ஃப் அடித்தால் கம்ப்ரஷனே இல்லாமல் லேசாகச் சுற்றியது. ஹெட்டை இறக்கினோம், ஆறு வால்வு வளைந்திருந்தது. பன்னிரண்டு நாள் வண்டி நின்றது. அண்ணன் யாரையும் திட்டவில்லை. தினமும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போவார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெல்ட் அன்று கெட்டதல்ல, கூட இருந்த பொருள்தான் கெட்டது. ஆகவே டென்ஷனர், ஐட்லர் இரண்டையும் பெல்ட்டோடு சேர்த்தே மாற்றுங்கள். இதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் என்றால் அதையும் மாற்றுங்கள். காம், கிராங்க் ஆயில் சீலில் கசிவு இருந்தால் விடாதீர்கள்; எண்ணெய் பட்ட பெல்ட் ஊறிக் கெட்டுவிடும்.

வேலை வரிசை

1. என்ஜின் ஆறியிருக்கணும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றவும். மவுண்டிங்கைக் கழற்ற வேண்டியிருந்தால் ஆயில் சம்ப் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுக்கவும்.

2. கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, என்ஜின் ஓடும் திசையிலேயே கையால் சுற்றி முதல் சிலிண்டரை டி.டி.சி.க்குக் கொண்டுவரவும். கிராங்க், காம், பம்ப் மூன்றிலும் மார்க் சேரணும். லாக்கிங் பின் இருந்தால் போடவும். அந்தப் பின்னை நம்பி போல்ட்டை முறுக்கக் கூடாது. பின் ஒடியும், டைமிங்கும் போகும்.

3. டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுக்கவும். இதற்குப் பிறகு கிராங்கையோ காமையோ யாரும் தொடக் கூடாது!

4. பம்ப், சீல், ஐட்லர் வேலையை இப்போது முடிக்கவும்.

5. புது பெல்ட்டை மடிக்காதீர், முறுக்காதீர். உள்ளே இருக்கும் கண்ணாடி இழை ஒடிந்துவிடும். ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றுவதும் கூடாது. அம்புக்குறி இருந்தால் திசை பார்த்துப் போடவும். கிராங்கில் தொடங்கவும், தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வரணும்.

6. டென்ஷன் மேனுவல்படி. இறுக்கினால் பெல்ட் ஊளையிடும், பேரிங் தேயும். தொய்வாக விட்டால் பல் தாண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கு வேண்டாம். மேனுவல் புது போல்ட் கேட்டால் புதுசே போடவும்.

7. பின்னை எடுத்துவிட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று. மூன்று மார்க்கும் மறுபடி சேரணும். பெல்ட்டில் போட்ட பெயின்ட் கோடு சேராது, அதற்குப் பயப்பட வேண்டாம். நடுவில் தட்டி நின்றால் பலம் கொடுக்காதீர். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்று அர்த்தம். பெல்ட்டைக் கழற்றி முதலிலிருந்து பார்க்கவும்.

8. கூலன்ட் ஊற்றிக் காற்று எடுத்து, பிறகுதான் செல்ஃப். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி ஒட்டவும். வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயசு ஆகும். கிலோமீட்டர், வருஷம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு.

நண்பர்களே, நாளை நாமும் சூப்பர்வைசராகலாம், சொந்த ஷெட் போடலாம். "பெல்ட் மட்டும் போதும்" என்று கஸ்டமர் சொல்லுவார். பணம் அவருடையது, சொல்லத்தான் செய்வார். கவருக்குள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். பழைய பம்பை அவர் கையிலேயே கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறமும் வேண்டாம் என்றால் பில்லில் எழுதி வையுங்கள். வாயை மூடிக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள். நான் இருந்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.