பழைய ரவுட்டருக்கு ஒரு புது ஓ.எஸ்.

வீட்டு மூலையில மினுக்கிட்டு இருக்கிற வைஃபை ரவுட்டரும் ஒரு கம்ப்யூட்டர்தான், நண்பர்களே. பிராசசர், ரேம், ஃபிளாஷ் மெமரி எல்லாம் அதுக்குள்ள இருக்கு. பெரும்பாலான ரவுட்டர்கள்ல ஓடுறது லினக்ஸ்தான். ஆனா கொஞ்ச வருஷத்துல கம்பெனி அந்த மாடலுக்கு அப்டேட் தர்றதை நிறுத்திடும். அதுக்கப்புறம் தெரிய வர்ற பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. வீட்டுல இருக்கிற எல்லா போன், லேப்டாப்போட டிராஃபிக்கும் அந்தப் பெட்டி வழியாத்தான் போகுது!

இதுக்கு ஒரு நல்ல வழி ஓப்பன் டபிள்யூஆர்டி. லிங்க்சிஸ் கம்பெனியோட டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர்ல லினக்ஸ் இருந்துச்சு. ஜிபிஎல் லைசென்ஸ்படி அந்தக் கோடை வெளியிடணும்னு கேள்வி எழுந்து, 2003-ல வெளியிட்டாங்க. அதை வச்சு 2004-ல தொடங்கின புராஜெக்ட் இது. பேர்ல இருக்கிற ‘டபிள்யூஆர்டி’ அந்த மாடல் பேர்ல இருந்து வந்ததுதான்.

முதல்ல பார்க்க வேண்டியது

ரவுட்டரைத் திருப்பி, அடியில இருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க. மாடல் பேர் மட்டும் போதாது, ஹார்டுவேர் வெர்ஷனும் வேணும். உதாரணமா டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என் மாடல்ல 9-ஆம் வெர்ஷனுக்கு 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம்தான். 13-ஆம் வெர்ஷனுக்கு அது 8, 64. பேர் ஒண்ணு, உள்ள இருக்கிற சிப் வேற! 4/32 ரவுட்டர்ல இப்போதைய வெர்ஷன் ஓடாது. 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம் இருந்தா நிம்மதி. ஓப்பன் டபிள்யூஆர்டி தளத்துல இருக்கிற ஹார்டுவேர் பட்டியல்ல உங்க வெர்ஷன் இருக்கான்னு தேடுங்க.

இணைய கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியில கை வைக்காதீங்க. அது அவங்களோடது. உங்க சொந்த ரவுட்டரை அதுக்குப் பின்னாடி மாட்டிக்கலாம்.

இன்ஸ்டால் பண்ற முறை

1. உங்க வெர்ஷனுக்கான ‘ஃபேக்டரி’ இமேஜை டவுன்லோட் பண்ணி, ஷா256 செக்சம் பொருந்துதான்னு பாருங்க. ‘சிஸ்அப்கிரேட்’ இமேஜ் ஏற்கெனவே ஓப்பன் டபிள்யூஆர்டி ஓடுற ரவுட்டருக்கு.
2. வைஃபை வேண்டாம், லேன் கேபிள்ல கனெக்ட் பண்ணுங்க. பழைய அட்மின் பக்கத்துல இருக்கிற ஃபர்ம்வேர் அப்கிரேட்ல இமேஜை ஏத்துங்க.
3. முடியுற வரைக்கும் பவரை ஆஃப் பண்ணாதீங்க. கரண்ட் போகிற நேரமா இருந்தா இந்த வேலையே வேண்டாம்.
4. 192.168.1.1-க்குப் போங்க. யூசர் ‘ரூட்’, பாஸ்வேர்ட் கிடையாது. முதல் வேலையா பாஸ்வேர்ட் போடுங்க.
5. ஃபைபர் பெட்டியும் 192.168.1.1-ல இருந்தா ரெண்டும் மோதும், நெட் வராது. லேன் அட்ரஸை 192.168.2.1-னு மாத்தி, உடனே புது அட்ரஸ்ல லாகின் பண்ணுங்க. தாமதிச்சா பழைய செட்டிங்குக்கே திரும்பிடும்.
6. வைஃபை ஆஃப்லதான் இருக்கும். நாடு இந்தியான்னு கொடுத்து, பாஸ்வேர்டோட ஆன் பண்ணுங்க.

இதுல என்ன லாபம்?

நீங்க ஆன்லைன் இன்டர்வியூல இருக்கீங்க. அந்த நேரம் தம்பி போன் வீடியோவை எல்லாம் கிளவுடுக்கு ஏத்துறான். உங்க குரல் உடைய ஆரம்பிக்குது. டோல்கேட்ல லாரி வரிசைக்குப் பின்னாடி பைக் மாட்டின மாதிரி, அவனோட பெரிய டேட்டாவுக்குப் பின்னாடி உங்க சின்ன பாக்கெட் காத்துக் கிடக்குது. இதுக்குப் பேர் பஃபர்புளோட்.

மெனுவுல சாஃப்ட்வேர் பகுதிக்குப் போய் ‘லூசி-ஆப்-எஸ்க்யூஎம்’ பேக்கேஜை ஏத்துங்க. இன்டர்ஃபேஸ் ‘வான்’, முறை ‘கேக்’. டவுன்லோட், அப்லோட் ரெண்டையும் அளந்து, அதுல சுமார் 90 சதவீதத்தைக் கொடுங்க. 100 எம்பிபிஎஸ்-னா 90000 கேபிபிஎஸ். இப்போ வரிசை உங்க ரவுட்டர் கையில இருக்கும். அது ஒவ்வொருத்தருக்கும் முறை வச்சு அனுப்பும். தம்பியோட அப்லோடும் நிக்காது, உங்க பேச்சும் உடையாது. பிராசசர் பழசா இருந்தா வேகம் கொஞ்சம் அடிவாங்கும், அதையும் அளந்து பாருங்க.

ரெண்டு எச்சரிக்கை. வாரண்டி போகலாம். ஃபிளாஷ் பண்றது பாதியில நின்னா ரவுட்டர் செங்கல் ஆகிடும். பல மாடல்களை டிஎஃப்டிபி வழியா மீட்கலாம், ஆனா அந்த வழிமுறையை முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. ரவுட்டர் போனா தேடுறதுக்கு நெட் இருக்காதே! வீட்டுல ஓடுற ஒரே ரவுட்டர்ல வேண்டாம், பரண்ல கிடக்கிற பழசுல ஆரம்பிங்க. கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல படிச்ச நாட், டிஹெச்சிபி, ஃபயர்வால் எல்லாம் அங்க கண்ணு முன்னாடி ஓடும்.