விற்பவர் குறையும்போது வாங்குபவர் செய்ய வேண்டியது

ஒரு சரக்குக்குச் சந்தையில் எட்டுப் பேர் விற்பனைக்கு நின்றால் வாங்குபவர் கை ஓங்கும். இரண்டு பேர் மட்டும் நின்றால் விற்பவர் கை ஓங்கும். மிளகாய் வற்றலானாலும், துவரம் பருப்பானாலும், பாமாயிலானாலும் இந்த நியதி மாறாது. விருதுநகர் வியாபாரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கடை திறந்தவுடன் நாம் முதலில் கையில் எடுக்கும் ஒரு சரக்கை மட்டும் இந்தத் தராசில் வைத்து நாம் பார்ப்பதில்லை. அதுதான் செல்போன் சேவை.

டிரங்க் கால் போட்டு மணிக்கணக்கில் காத்திருந்து குண்டூர் விலை கேட்ட காலம் போய்விட்டது. இன்று விலைப்பட்டியல், ஆர்டர், லாரி செட் தகவல், பேங்க் வரவு எல்லாம் ஒரே எண்ணில் வருகின்றன. ஆகவே அந்த எண்ணை நமக்குத் தரும் கம்பெனிகள் எத்தனை, அவை ஒன்றோடொன்று எப்படி இணைந்தன என்பதை அறிந்து கொள்வது வியாபாரத்துக்குத் தேவையான படிப்பேயாகும்.

பலர் சிலரான வரலாறு

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு நடந்தது. சென்னை தனி வட்டமாகவும், நம் பகுதி உள்ளிட்ட பிற மாவட்டங்கள் தமிழ்நாடு வட்டமாகவும் பிரிக்கப்பட்டிருந்தன. நம் வட்டத்தில் பி.பி.எல். வந்தது, 1999-ல் ஏர்செல் வந்தது. 2002-ல் பி.எஸ்.என்.எல். செல்ஒன் வந்தது. நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுத்த நிலை 2003-ல் நீங்கியது. 2009-ல் டாடா டோகோமோ விநாடிக் கணக்கில் கட்டணம் வாங்கத் தொடங்கியதும் மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தனர். ஒருவர் இறங்கினால் மற்றவரும் இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. அதுவே போட்டியின் பலன்.

பிறகு காற்று திசை மாறியது. 2012 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம் 122 லைசென்சுகளை ரத்து செய்தது. 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. பேச்சுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்றது. பழைய கம்பெனிகளின் வருமானம் சரிந்தது. 2017 இறுதியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் செல்போன் பேச்சுச் சேவையை நிறுத்தியது. டெலினாரும் டாடா டோகோமோவும் ஏர்டெல்லுக்குள் சேர்ந்தன. 2018 ஆகஸ்ட் 31-ல் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின.

பி.பி.எல். காலத்து எண்ணை இன்றும் வைத்திருப்பவர், எண் மாறாமலே ஹட்ச், வோடபோன், வி என்று பெயர்ப்பலகை மாறுவதைப் பார்த்திருப்பார். இன்று மிஞ்சி நிற்பவை தனியாரில் ஜியோ, ஏர்டெல், வி ஆகிய மூன்றும், அரசின் பி.எஸ்.என்.எல். ஒன்றும்தான்.

ஏர்செல் கற்பித்த பாடம்

தென் மாவட்டங்களில் வேரூன்றி நின்ற கம்பெனி ஏர்செல். 2016 செப்டம்பரில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்சுடன் இணைவதாக அறிவிப்பு வந்தது; 2017 அக்டோபரில் அந்த இணைப்பு முறிந்தது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் சிக்னல் அறுந்தது. அந்த மாதம் 28-ல் கம்பெனி திவால் மனு கொடுத்தது.

எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றும் வசதி 2011 ஜனவரி முதலே நாடு முழுவதும் இருந்தது. ஆனால் அதற்கான குறியீடு பழைய கம்பெனியின் குறுஞ்செய்தியாகத்தான் வர வேண்டும். சிக்னலே இல்லாதபோது குறுஞ்செய்தி எப்படி வரும்? கதவு இருந்தது, சாவி பூட்டிய அறைக்குள் இருந்தது.

சிவகாசியில் அச்சான காலண்டர்கள் சுவரில் ஏறி இரண்டு மாதம்கூட நிறையாத நேரம் அது. காலண்டரிலும், பில் புத்தகத்திலும், லெட்டர் பேடிலும் அச்சிட்ட எண் ஊமையாகிவிட்டால் வெளியூர் வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். அடுத்த கடையைக் கூப்பிடுவார். கம்பெனி மூழ்கினால் பங்குதாரர் பணம் மட்டும் போவதில்லை. வாங்கியவர் வியாபாரமும் சேர்ந்து ஆடுகிறது.

ஏன் இணைகிறார்கள்?

இந்தத் தொழிலில் முதலீடு முழுவதும் முன்கூட்டியே போட வேண்டும். அலைவரிசை ஏலத்துக்குப் பணம், கோபுர வாடகை, மின்சாரம், கடனுக்கு வட்டி. ஆயிரம் பேர் பேசினாலும் நூறு பேர் பேசினாலும் கோபுரச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். டவுனில் ஒரு கோபுரத்துக்குக் கூட்டம் உண்டு. கரிசல் காட்டில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் கூட்டம் குறைவு. நான்கு கம்பெனிகள் நான்கு கோபுரம் நட்டால் நான்குக்கும் கட்டுபடியாகாது. எனவே இணைப்பு என்பது முழுவதும் சூழ்ச்சி என்று சொல்வது நியாயமாகாது.

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறு. நாட்டில் நான்கு கம்பெனி என்பது காகிதக் கணக்கு. வெம்பக்கோட்டைப் பக்கமோ ஏழாயிரம்பண்ணைப் பக்கமோ நாம் நிற்கும் இடத்தில் எத்தனை கம்பெனியின் சிக்னல் தெளிவாகக் கிடைக்கிறது? ஒன்றுதான் கிடைக்கிறதென்றால் அந்த இடத்தில் போட்டி இல்லை. போட்டியை டெல்லியில் எண்ணக்கூடாது. நம் குடோன் வாசலில் எண்ண வேண்டும்.

விலை என்னவாயிற்று?

நஷ்டத்துக்கு விற்பவர் என்றைக்கும் அதே விலைக்கு விற்க மாட்டார். ஜியோ அடக்கத்துக்கும் கீழே விற்கிறது என்று ஏர்டெல் கொடுத்த புகாரைப் போட்டி ஆணையம் 2017 ஜூனில் தள்ளுபடி செய்தது. புதிதாக வந்தவருக்கு அப்போது சந்தை ஆதிக்கம் இல்லை என்பது காரணம். கூட்டம் குறைந்த பின்னர் 2019 டிசம்பர், 2021 இறுதி, 2024 ஜூலை என மூன்று முறை மூன்று தனியார் கம்பெனிகளும் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றின. 2024 ஜூலையில் ஜியோவின் 239 ரூபாய் திட்டம் 299 ஆயிற்று. ஏர்டெல்லின் 265 ரூபாய் திட்டமும் 299-க்கு வந்தது.

அந்த மாதம் பி.எஸ்.என்.எல்.லுக்கு ஏறத்தாழ 29 லட்சம் இணைப்புகள் கூடின. தனியார் மூவருக்கும் குறைந்தன. மாற்றுக் கடை ஒன்று இருந்ததால்தான் வாடிக்கையாளர் நகர முடிந்தது. சேவை வேகம் போதாமல் அந்த வரவு சில மாதங்களில் நின்றதும் உண்மை. மாற்றுக் கடை இருந்தால் மட்டும் போதாது. சரக்கும் நன்றாக இருக்க வேண்டும்.

நம் மண்ணிலேயே உதாரணம்

தீப்பெட்டித் தொழிலை நினைத்துப் பாருங்கள். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்தனர். 1923-ல் தொடங்கிய விம்கோ என்ற சுவீடன் முதலீட்டுப் பெரிய கம்பெனி எந்திரங்களோடு எதிரே நின்றது. கையால் செய்யும் சிறு தொழிலுக்குக் குறைந்த கலால் வரி என்று அரசு விதி செய்தது. உழைப்போடு அந்த விதியும் சேர்ந்துதான் சிறியவர்களை நிலைக்க வைத்தது. போட்டி தானாக வாழ்வதில்லை. விதியும் வேண்டும், அந்த விதியைப் பயன்படுத்தும் ஆட்களும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. கடையின் எண் முதலாளி பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ இருக்கட்டும். கணக்குப்பிள்ளை பெயரில் இருந்தால், கம்பெனி மாறவும் அவர் கையொப்பம் வேண்டும்.

2. இரண்டு கம்பெனிகளின் எண்களை வைத்துக் கொள்வோம். வாங்குமுன் கடை, குடோன், சரக்கு ஏறும் இடம் மூன்றிலும் பேசிப் பார்த்து முடிவு செய்வோம். பில்லிலும் காலண்டரிலும் இரண்டு எண்களையும் அச்சிடுவோம்.

3. கம்பெனி மாறும் முறையை அறிந்திருப்போம். போர்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, நம் பத்து இலக்க எண்ணை அடித்து 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். நம் மாநிலத்தில் அது நான்கு நாள் செல்லும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு ஆனால் பாக்கி இருக்கக்கூடாது. ப்ரீபெய்டு மீதிப் பணம் கூட வராது. சிக்னல் இருக்கும்போதே மாற வேண்டும் என்பதே ஏர்செல் தந்த பாடம்.

4. பேங்க், ஜி.எஸ்.டி. ஆகியவற்றில் பதிவான எண் எது, அதன் ரீசார்ஜ் தேதி எது என்று கடை டைரியில் எழுதி வைப்போம். அந்த எண் நின்றால் ஓ.டி.பி. வராது, ஓ.டி.பி. வராவிட்டால் வேலை நின்றுவிடும்.

5. காவலாளி, லோடுமேன் ஆகியோருக்குப் பேச்சு மட்டும் போதும். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி செய்துள்ளது. தேவையில்லாத டேட்டாவுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

6. சிக்னல் வரைபடத்தைக் கம்பெனிகள் வெளியிட வேண்டும் என்பதும் டிராயின் விதி. வரைபடத்தில் சிக்னல் காட்டி நேரில் இல்லாத ஊர்களை ஒவ்வொரு உறுப்பினரும் குறித்துத் தந்தால், சங்கம் தொகுத்து டிராய்க்கும் கம்பெனிகளுக்கும் எழுதலாம். தனி ஆள் புகாருக்கும் சங்கக் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம் நாம் அறியாததல்ல.

கம்பெனிகள் இணைவதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் விலகிச் செல்லும் உரிமை நம் கையில் இருக்கிறது. தராசு விற்பவர் பக்கம் சாய்ந்திருக்கும் காலத்தில் வாங்குபவர் கையில் உள்ள எடைக்கல் அது ஒன்றுதான். எடைக்கல்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டி விடாமல், வேண்டிய நேரத்தில் தட்டில் வைப்போம்.