வெந்நீரும் ஓம் விதியும்

வடநாட்டுக் குளிர்காலம் வந்துவிட்டால், விடுதியில் வாழும் தமிழ் மாணவர்க்கு உற்ற துணையாவது ஹீட்டர் ராடு. வாளி நீரில் அமிழும் அவ்வெளிய கருவியைக் கொண்டே மின்னியலின் அடிப்படைக் கணக்குகள் சிலவற்றைக் கற்றுக்கொள்ளலாம். பௌதிகம் பயிலாத நண்பர்களும் இவற்றை அறிந்திருத்தல் நலம். அறையின் பாதுகாப்பே இவற்றில் அடங்கியிருக்கிறது.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் வழியே நீர் இறங்குவதை எண்ணிப் பாருங்கள். தொட்டியின் உயரம் போன்றது மின்னழுத்தம். பாயும் நீரின் அளவு போன்றது மின்னோட்டம். குழாயின் குறுகல் போன்றது மின்தடை. இவற்றை முறையே வோல்ட், ஆம்பியர், ஓம் என்னும் அலகுகளால் அளக்கிறோம். இம்மூன்றின் தொடர்பை ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் நூலாக வெளியிட்டார். 1841-இல் லண்டன் ராயல் கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது.

நம் நாட்டு வீடுகளின் மின்னழுத்தம் 230 வோல்ட். ராடு 6.5 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கிறது எனக் கொள்வோம்.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம் = 230 ÷ 6.5 = 35.4 ஓம்.

திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் = 230 × 6.5 = 1495 வாட்.

ராட்டின் மேல் 1500 வாட் எனப் பொறித்திருப்பதன் பொருள் இதுவே. 15 லிட்டர் நீரை 10 பாகையிலிருந்து 40 பாகை செல்சியசுக்குச் சூடாக்க இதற்கு ஏறத்தாழ 21 நிமிடம் ஆகும்.

சில நாட்களில் அதே நீர் காயத் தாமதமாவது ஏன்? மின்னழுத்தம் 200 வோல்ட்டாகக் குறைந்தது என்க. ராட்டின் தடை பெரிதும் மாறாது. ஆதலின் மின்னோட்டம் 200 ÷ 35.4 = 5.65 ஆம்பியர், திறன் 1130 வாட். அழுத்தம் எட்டில் ஒரு பங்கு குறைய, திறன் நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது! அழுத்தத்தோடு ஓட்டமும் குறைவதே காரணம். இப்போது 28 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

இனி, அபாயம் எங்கே உள்ளது எனக் காண்போம். தடையில் பிறக்கும் வெப்பத்தை மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை என்றும் கணக்கிடலாம். பிளக் தளர்ந்து, அவ்விடத்தில் அரை ஓம் தடை தோன்றியதாகக் கொள்வோம்: 6.5 × 6.5 × 0.5 = 21 வாட். சிறியதொரு பற்றவைப்புக் கோலின் வெப்பம், பிளக்கின் உள்ளேயே பிறக்கிறது! அண்டை அறை நண்பரின் ராடும் அதே எக்ஸ்டென்ஷன் பலகையில் சேர்ந்தால் மின்னோட்டம் 13 ஆம்பியர். சுவரில் செருகிய அதன் பிளக்கில் அத்தகைய தளர்ச்சி இருப்பின் அங்கே 84 வாட். ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை மறவாதீர்கள். பிளக் கருகுவதும் தீப்பற்றுவதும் இவ்வாறே.

ஆகவே 6 ஆம்பியர் சாக்கெட்டில் இந்த ராட்டைச் செருகலாகாது. 16 ஆம்பியர் சாக்கெட்டே தக்கது. பிளக் சுடுமாயின் உடனே நிறுத்துக. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பின்னரே நீரைத் தொடுக.

ஓர் எச்சரிக்கை: மின்விசிறி போன்ற மோட்டார்க் கருவிகளில் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் மட்டும் உண்மைத் திறன் கிடைக்காது. இக்கணக்கு ராடு, இஸ்திரிப் பெட்டி போன்ற வெப்பக் கருவிகளுக்கே நேராகப் பொருந்தும். இன்றே உங்கள் அறைக் கருவிகளின் வாட் அளவுகளைக் கூட்டி, 230-ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் விடையைச் சாக்கெட்டில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.