வீட்டுக் குளத்தில் பாசி: காரணமும் தடுப்பும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பகுதி சித்தூர் வட்டமாகும். இங்கு வயலுக்குத் தாழ்வான இடத்தில் அமைந்த வீட்டுக் குளங்களில், மழைக்காலத்தில் மேட்டு வயலின் வடிநீர் வந்து சேர்கிறது. பின்னர் நீர் குறைந்து, வெயில் ஏறும் மாசி, பங்குனி மாதங்களில் குளம் பச்சை நிறம் கொள்கிறது. உடனே மயில்துத்தம் வாங்கிக் கரைத்து ஊற்றுவதே பலருடைய முதல் எண்ணமாயிருக்கிறது. அது கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும்; ஏன் என்பதை இங்கு ஆராய்வோம்.

பாசி பெருகுவது ஏன்?

பாசி தானாகத் தோன்றிய நோயன்று. குளத்தில் சேர்ந்த உரத்தின் அறிகுறியாகும். பாசிக்கு வேண்டிய சத்துக்களுள் நன்னீரில் பெரும்பாலும் குறைவாயிருப்பது பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து. 1973இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், டேவிட் ஷிண்ட்லர் என்ற அறிஞரின் குழுவினர் 226ஆம் எண் ஏரியைத் திரையொன்றால் இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூறில் கரிச்சத்தும் தழைச்சத்தும் இட்டனர். மற்றதில் அவற்றோடு மணிச்சத்தும் சேர்த்தனர். மணிச்சத்துப் பெற்ற பாதியே பாசியால் பச்சையாயிற்று.

1 கிலோ டி.ஏ.பி. உரத்தில் ஏறத்தாழ 200 கிராம் பாஸ்பரஸ் உண்டு. 1 கிராம் பாஸ்பரஸ் 500 கிராம் வரை ஈரப்பாசியை வளர்க்க வல்லது. ஆகவே, வடிநீரோடு குளத்தில் சேரும் ஒரு கிலோ உரம் 100 கிலோ பாசிக்குப் போதுமானது. உழவருக்கு இது இரட்டை நட்டம்.

மருந்திடுவதால் வரும் தீங்கு

மயில்துத்தத்தால் பாசி ஒருசேர மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு செலவாகிவிடுகிறது, மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளந்து திணறும், பின் இறக்கும். நீலப்பச்சைப் பாசிகள் சிலவற்றின் உடலில் நஞ்சும் உண்டு. உயிருள்ளவரை பெரும்பாலும் உள்ளே தங்கியிருக்கும் அந்நஞ்சு, பாசி மடிந்ததும் நீரில் கலக்கிறது. 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் ஐலண்ட் என்னும் தீவில், குடிநீர்த் தேக்கத்தில் பாசியை ஒழிக்க மயில்துத்தம் இட்ட சில நாட்களில் ஏறத்தாழ 150 பேர் கடும் நோயுற்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். இத்தகைய நஞ்சு நீரைக் கொதிக்க வைப்பதால் நீங்குவதில்லை. எனவே பச்சை படர்ந்த குளத்து நீரைக் குடிக்கவோ, கால்நடைகளுக்குக் காட்டவோ கூடாது.

செய்ய வேண்டியவை

1. வடிநீரைத் தடுத்தல்: வயலுக்கும் குளத்துக்கும் இடையே வரப்பை உயர்த்தி, வடிநீரை வேறு வழியில் திருப்புக. கரையோரம் சில அடி அகலத்துக்குப் புல்லோ வெட்டிவேரோ வளர்க்க.

2. உரத்தைக் காத்தல்: மழை வரும் அறிகுறியிருப்பின் உரமிடலாகாது. உரத்தைப் பிரித்துப் பலமுறை இடுக. இட்ட சில நாட்கள் வயல்நீரை வடிய விடாதீர். சாணக் குவியலும் குளத்துக்கு எட்டவே இருத்தல் நலம்.

3. பாசியை வாருதல்: நூற்பாசியை மூங்கிற் கழியால் சுற்றி எடுத்து, குளத்துக்கு வடியாத இடத்தில் எருவாக்குக.

4. வண்டல் எடுத்தல்: பல ஆண்டு மணிச்சத்து அடிவண்டலில் தங்கியுள்ளது. கோடையில் அதை வெட்டித் தென்னையின் பாத்திக்கு இடுக.

வடிநீர் நின்றபின்னும் குளம் தெளிய ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். இதை உழவரிடம் முன்னரே சொல்லிவிடுதல் நலம்.

வகுப்பில் செய்து பார்க்க

மூன்று கண்ணாடிக் குடுவைகளில் குளத்து நீரை நிரப்புக. முதலாவதில் ஒன்றும் இடவேண்டாம். இரண்டாவதில் ஒரு சிட்டிகை யூரியா. மூன்றாவதில் ஒரு சிட்டிகை டி.ஏ.பி. இட்டு, வெளிச்சத்தில் இரு வாரம் வைத்து நிறத்தை நாள்தோறும் குறிக்கச் செய்க. மாணவர் அந்நீரைத் தொட்டால் கை கழுவுதல் வேண்டும்.

பாசி படர்ந்த குளத்தைக் காணச் செல்லும் களப் பணியாளர், முதலில் அதற்கு மேலுள்ள வயலைப் பார்த்துவிட்டுப் பின்னரே குளக்கரைக்கு வருதல் வேண்டும்.